அரைப்பேர்

வியாழன் இரவு எட்டரைக்குத் தடை நீங்கும்.
அதுவரை இந்த விளையாட்டைப் பற்றி
யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று
கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள்.
பொகவந்தலாவையில் யாரிடம் விடுவது?
கீழ்க்கடையில் ஃபோன் திருத்தும் பாஹிம் நானா
கேட்பது ஒன்றுதான்:
"இன்னும் வெல்லலியா தங்கச்சி?"

வெல்வதற்கில்லை நானா,
சொல்வதற்கு.
சொல்லுக்குப் பத்துச் சதம், அமெரிக்கச் சதம்.
எண்ணூறைத் தாண்டினால் என் செலவு.

விளையாட்டில் எனக்கொரு தேயிலைத் தோட்டம்.
கப்பலில் வந்து இறங்குகிறேன், தொப்பி தருகிறார்கள்.
மழையை நன்றாகவே செய்திருக்கிறார்கள்:
தகரத்தில் ஒரு சத்தம், இலையில் வேறு சத்தம்,
ஹெட்போனைக் கழற்றினால்
ஜன்னலுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்று.
மூடுபனியும் உண்டு.
வரைய முடியாத தூரத்தை
இயந்திரம் மூடிவைக்கிற பழைய தந்திரம்.
அந்தப் பனிக்குப் பின்னால் ஒன்றுமில்லை, நடந்து பார்த்தேன்.
இந்தப் பனிக்குப் பின்னால்
ஏழாம் நம்பர் மலை,
மூன்றாவது நிரையில் தவமணி அக்கா.

தொழிலாளருக்குப் பெயரில்லை.
தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு,
சிவந்தால் பாட்டுப் போட வேண்டும்.
போட்டேன். பச்சையானது.

குறிப்புக் கொப்பியில் எழுதினேன்:
கொழுந்தெடுக்கும் கை பிழை.
ஐந்து விரலும் சேர்ந்து புல் பிடுங்குகிறது.
தராசு சரியாக நிறுக்கிறது,
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிபடவில்லை.
யதார்த்தக் குறைபாடு.

ஹம்பர்க்கிலிருந்து ஹெல்கா
ஒரு சிரிக்கும் முகமும் ஒரு கேள்விக்குறியும் அனுப்பினாள்.
தராசை வைத்துக்கொண்டாள்.
விரல்களை வெட்டிவிட்டாள், இடமில்லையாம்.

போன போயாவுக்கு அக்கா வந்திருந்தாள்.
கருவியைக் கையில் கொடுத்தேன்
(தடை அவளுக்கும்தான், யாரிடம் சொல்லப்போகிறாள்).
கொழுந்தெடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள்.
"முத்தலும் சேர்ந்து வருதே, பெக்டரியில திருப்பிருவான்."
நேரே துரை பங்களாவுக்குள் போனாள்.
உட்கார எந்தப் பொத்தான் என்று கேட்டாள்.
உட்கார்ந்தாள்.
அரைமணி நேரம், எழும்பவே இல்லை.
மலையெல்லாம் கோடுகள் சிவந்துகொண்டிருந்தன.
"பாட்டுப் போடணும் அக்கா."
"சும்மா இரு."

எழுதி முடிந்துவிட்டது.
இலக்கம் மட்டும் பாக்கி,
பத்துக்கு எத்தனை?

ஆறு.
முதல் நாளே மனதில் விழுந்த ஆறு,
கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.
ஹெல்காதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:
செய்தவர்கள் நாலு பேராம், வாடகை அறையாம்,
எல்லோர் புள்ளியும் சேர்ந்து சராசரி
எழுபத்தைந்தைத் தொட்டால்தான்
மிச்சக் காசு கைக்கு வருமாம்.

பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
பதினாறென்றால் அரைப்பேர், அரைச் சம்பளம்.
மழையென்றாலும் மலை மோசமென்றாலும்
நிறுக்கிறவன் முள்ளைத்தான் பார்ப்பான்.
கெட்டவனுமில்லை.
அவனை அக்கா ஏசும் ஏச்சுகள்
எட்டு வயதிலேயே எனக்கு மனப்பாடம்.
ஒன்றொன்றாக இப்போது
என் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகவே பொருந்துகின்றன.

எட்டு இருபத்தொன்று.
ஏழென்று அடித்தேன், அழித்தேன்.
ஏழு என்றால் யாரோ ஒரு பிள்ளை
பால் காசு சேர்த்து இதை வாங்கும்.
ஆறென்று அடித்தேன்.
கீழே நானா கதவுப் பலகைகளைப் பூட்டும் சத்தம்.
ஆறாகவே விட்டேன்.

பிறகு, விரல்களைப் பற்றிய வரியைத் தேடி எடுத்து
மூன்றாம் பந்தியில், இருந்த இடத்திலேயே வைத்தேன்:
பெருவிரல், சுட்டுவிரல், நுனியில் ஒரு சிறு ஒடிப்பு,
நாளைக்குப் பல்லாயிரம் தடவை.
செய்தவர்கள் படித்தால் திருத்திக்கொள்ளலாம்.

எண்ணூற்றுப் பதினாறு சொல்.
பதினாறும் என் செலவு.